பழைய காரைக் கொடுத்துவிட்டு அடுத்த கார் வாங்கப் போகிறீர்களா? மதுரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் ஆல்டோவுக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) முடிய ஐந்து மாதம் இருந்தது. 2010-இல் வாங்கிய வண்டி. விளாங்குடி வீட்டிலிருந்து வாடிப்பட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நான் வேலைக்குப் போய்வருவது, அத்தையை மூட்டு வலிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, மகனை டியூஷனில் விடுவது எல்லாமே அதில்தான். மாற்றலாம் என்று பேச்செடுத்ததுமே ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். கொழுந்தனார் பெரிய எஸ்.யு.வி. எடுக்கச் சொன்னார், பள்ளியில் உடன் வேலை பார்ப்பவர் டீசல் என்றார், பக்கத்து வீட்டு அண்ணன் இனி எல்லாம் பேட்டரி வண்டிதான் என்று அடித்துச் சொன்னார். மூன்று மாதம் அலைந்துதான் எங்களுக்கு ஏற்றது எது என்று தெளிந்தேன். முதல் முறையாகக் காரை மாற்றுகிறவர்கள் அந்த அலைச்சலில் பாதியையாவது தவிர்க்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன். புது வண்டி, பழைய வண்டி எது வாங்கினாலும் இது பொருந்தும்.

மாற்றத்தான் வேண்டுமா?

15 வருடம் ஆகிவிட்டால் காரை உடைக்கக் கொடுத்துவிட வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது டெல்லி வட்டாரத்துக் கட்டுப்பாடு. நம் ஊரில் சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம். அதன்பின் வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். வண்டிக்கு 20 வயது தாண்டினால் 10,000. பசுமை வரியும் சேரும். ஆகவே ஆர்.சி. முடிகிறது என்பதற்காக மட்டும் நல்ல வண்டியைக் கொடுக்க வேண்டியதில்லை.

நான் பார்த்தது வேறு இரண்டு விஷயங்களை. கடந்த ஒரு வருடத்து ஒர்க்‌ஷாப் பில்களைக் கூட்டினேன். ரேடியேட்டர், கிளட்ச், ஏ.சி. கம்ப்ரசர் என்று 38,000 ரூபாய் போயிருந்தது. அது கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவதுதான் என்னை முடிவெடுக்க வைத்தது. எங்கள் ஆல்டோவில் ஏர்பேக் கிடையாது, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கிடையாது. எல்லாக் கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில். முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானது 2022 ஜனவரியில். தினமும் திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே போகிற எனக்கு அது பெரிய விஷயம். ஊருக்குள்ளேயே, மெதுவாக, வாரம் இரண்டு நாள் எடுக்கிற வண்டி என்றால் உங்கள் முடிவு வேறாக இருக்கலாம்.

பழைய காரிடமே கேளுங்கள்

ஷோரூமுக்குப் போகும் முன், ஒரு மாதம் காருக்குள் ஒரு நோட்டும் பேனாவும் போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் நான்கு விஷயம் எழுதினால் போதும்: எங்கே போனோம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேர் ஏறினோம், என்ன சிரமம். இதைவிட நல்ல ஆலோசகர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். புதுக் கார் வாங்கும்போது நம் மனசு கொடைக்கானலுக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய்விடுகிறது. வண்டியோ வருடத்தில் முந்நூறு நாள் காளவாசல் சிக்னலில்தான் நிற்கப்போகிறது.

எங்கள் நோட்டு சொன்னது இது. மாதம் கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர். அதில் 22 நாள் நான் மட்டும் தனியாக, போக வர 40 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு பேர். ஐந்து பேர் ஏறியது மாதத்தில் ஒரே ஒரு நாள். சிரமம் என்ற பத்தியில் ஒன்பது இடத்தில் ஒரே வாக்கியம் இருந்தது: ‘அத்தை இறங்கக் கஷ்டப்பட்டார்.’ இன்னொன்று, எங்கள் தெருவில் திரும்ப இடமில்லாமல் ரிவர்ஸில் வந்தது ஆறு முறை. மலைப்பாதை என்பது அந்த மாதத்தில் இல்லவே இல்லை.

இதை எழுதியிருக்காவிட்டால் நானும் ஏழு சீட் வண்டிதான் பார்த்திருப்பேன். மாசி மாதம் குலதெய்வம் கும்பிட உசிலம்பட்டிப் பக்கம் குடும்பத்தோடு போவோம், பதினோரு பேர். ஏழு சீட் வாங்கினாலும் பதினோரு பேர் ஏற முடியாது. அந்த ஒரு நாளைக்கு வேன் பேசிக்கொள்வதுதான் கணக்குக்குச் சரி. வருடத்துக்கு ஒன்றிரண்டு நாள் தேவைக்காக, மீதி நாளெல்லாம் பெரிய வண்டிக்கு எண்ணெய் ஊற்ற வேண்டாம். அதே நேரம், வாரம் தவறாமல் ஆறு பேர் போகிற கூட்டுக் குடும்பமாக இருந்தால் எர்டிகா மாதிரி ஏழு சீட் வண்டியை யோசிக்காமல் எடுக்கலாம். எது என்பதை நோட்டு சொல்லட்டும்.

பணத்தை எண்ணிப் பாருங்கள்

ஷோரூம் விலை என்று விளம்பரத்தில் வருவது நீங்கள் கொடுக்கப்போகும் விலை அல்ல. தமிழ்நாட்டில் புதுக் காருக்கு ஆயுள் வரி உண்டு. 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி, 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஷோரூம் விலை 7 லட்சம் என்றால் வரியே 91,000 ரூபாய். இன்சூரன்ஸ், பதிவுச் செலவு எல்லாம் சேர்த்தால் வண்டி வீட்டு வாசலுக்கு வரும்போது எட்டேகால் லட்சத்தைத் தாண்டிவிடும். 10 லட்சத்தை ஒட்டி வண்டி பார்க்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 9 லட்சத்து 90 ஆயிரம் விலையுள்ள வண்டிக்கு வரி ஏறக்குறைய 1 லட்சத்து 29 ஆயிரம். அதே வண்டியில் சன்ரூஃப் வைத்த மாடலை 10 லட்சத்து 20 ஆயிரத்துக்கு எடுத்தால் வரி 1 லட்சத்து 84 ஆயிரத்துக்கு எகிறிவிடும். முப்பதாயிரம் ரூபாய் சன்ரூஃப் உண்மையில் எண்பத்தைந்தாயிரம்.

ஜி.எஸ்.டி.யிலும் ஒரு கோடு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் இன்ஜினும் (டீசல் என்றால் 1,500 சி.சி.) உள்ள சிறிய கார்களுக்கு வரி 18 சதவீதம், அதைத் தாண்டிய கார்களுக்கு 40. சிறிய புது வண்டிகளின் விலை அப்போது நன்றாகவே இறங்கியது. இதைப் பழைய வண்டி வாங்குகிறவர்களும் மனதில் வைக்க வேண்டும். புது விலை இறங்கும் முன்பு இருந்த கணக்கிலேயே சிலர் இன்னும் பழைய வண்டிக்கு விலை சொல்கிறார்கள். பேரத்துக்கு உட்காரும் முன் அதே வண்டியின் இன்றைய புது விலை உங்கள் கையில் இருக்கட்டும்.

கடன் வாங்கினால் மாதத் தவணையை மட்டும் பார்க்காதீர்கள். 6 லட்சம் கடன், வட்டி ஒன்பதரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 5 வருடம் என்றால் மாதம் சுமார் 12,600. மொத்த வட்டி 1 லட்சத்து 56 ஆயிரம். 7 வருடம் என்றால் மாதம் 9,800. கேட்க இலகுவாக இருக்கும், ஆனால் வட்டி 2 லட்சத்து 24 ஆயிரம். 7 வருடத் தவணை இல்லாமல் கட்ட முடியாத வண்டி நம் கைக்கு மீறிய வண்டி என்றே நான் எடுத்துக்கொண்டேன். என் கணக்கு எளிமையானது: தவணை, பெட்ரோல், மாதத்துக்குப் பிரித்த இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்துச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். மகன் படிப்புக்குச் சேர்க்கிற பணத்தில் கை வைப்பதில்லை என்பதும் முதலிலேயே பேசி முடித்தது. கடைசியில் எங்களுக்கு வந்த தொகை 5 லட்சம், அதுவும் எல்லாம் சேர்த்து.

பெட்ரோலா, டீசலா, பேட்டரியா

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 என்று தோராயமாக வையுங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு, 16 கிலோமீட்டர் கொடுக்கிற பெட்ரோல் வண்டியில் 6,250 ரூபாய் ஆகும். 20 கொடுக்கிற டீசலில் 4,600. வருடத்துக்கு மிச்சம் இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. டீசல் மாடலுக்கு ஒரு லட்சம் கூடக் கொடுத்தால் அதை எடுக்கவே ஐந்து வருடம் போய்விடும். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இந்தக் கணக்கு அப்படியே திரும்பிவிடும்.

இன்னொரு விஷயம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் புகைத் துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது அவ்வப்போது சூடேறித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்கு நெடுஞ்சாலையில் சீராக ஓட வேண்டும். சிம்மக்கல்லில் இருந்து கீழவாசல், கீழவாசலில் இருந்து அண்ணா நகர் என்று துண்டு துண்டாக ஓட்டினால் அடைத்துக்கொள்ளும், செலவு வைக்கும். ஊருக்குள் மட்டும் ஓடுகிற குடும்பத்துக்கு டீசல் வேண்டாம் என்றே சொல்வேன்.

பேட்டரி கார் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. தினம் 40 கிலோமீட்டர், திரும்பி வந்து இரவில் சார்ஜ் என்பது அதற்கென்றே அமைந்த ஓட்டம். ஆனால் எங்களுக்கு வண்டி நிறுத்த வீட்டுக்குள் இடம் இல்லை, தெருவில்தான். சார்ஜ் போட வயரைத் தெருவுக்கு இழுக்க முடியாது. வீட்டுக்குள் நிறுத்த இடமும், அங்கே 15 ஆம்பியர் பிளக்கும், புது வண்டி வாங்குகிற பணமும் இருக்கிறவர்கள் கட்டாயம் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். சி.என்.ஜி. எடுத்தால் எண்ணெய்ச் செலவு குறையும், டிக்கியில் பாதி இடம் சிலிண்டருக்குப் போகும், மூன்று வருடத்துக்கு ஒரு முறை சிலிண்டரைச் சோதனை செய்து சான்று வாங்க வேண்டும்.

பெட்ரோல் பழைய வண்டி பார்க்கிறவர்கள் எத்தனால் கலப்பையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார்கள் அதற்கு ஏற்றபடி வந்தவை. அதற்கு முந்தைய வண்டி என்றால், அந்த மாடலுக்கு ரப்பர் குழாய், சீல் ஆகியவற்றை மாற்ற வேண்டுமா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்களை உட்காரவைத்து அளந்து பாருங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. நாங்கள் அத்தையைக் கூட்டிக்கொண்டு ஐந்து வண்டிகளில் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். தாழ்வான வண்டியில் உட்காரும்போது முழங்கால் மடங்கிப் பின்பு எழும்போது வலி. உயரமான எஸ்.யு.வி.யில், “ஏறுறதுக்கு ஒரு முக்காலி போடணும்போல இருக்கேம்மா” என்றார். இடுப்பு உயரத்துக்குச் சீட் இருக்கிற வண்டிதான் முட்டிக்கு நல்லது. திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்து வைத்துவிடலாம். வேகன்ஆர் மாதிரி கூரை உயர்ந்த வண்டிகள் பார்வைக்குப் பெட்டி போல இருந்தாலும் வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஏன் விரும்புகிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வண்டியை நீங்கள் மட்டும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். யாருக்கு உடம்பில் அதிகச் சிரமமோ அவர் முதலில் ஏறட்டும்.

அளவு நாடாவும் எடுத்துப் போங்கள். கேட்டின் அகலம், தெரு முனையில் திரும்பும் இடம், வளவுக்குள் விடுவதென்றால் தூணுக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு என்றெல்லாம் வீட்டில் அளந்துவிடுங்கள். காரின் அகலம் என்று கம்பெனி சொல்வது கண்ணாடிகளைச் சேர்க்காத அளவு. இரண்டு பக்கக் கதவும் திறக்க இடம் வேண்டும். மாசி வீதிகளுக்குள் புகுந்து சரக்கு எடுக்கிற வியாபாரிகளுக்கு இது இன்னும் முக்கியம்.

கிளட்ச் இல்லாத வண்டி வேண்டுமா என்பதையும் இங்கேயே யோசியுங்கள். கோரிப்பாளையம் நெரிசலில் தினம் மாட்டுகிறவருக்கு அது பெரிய நிம்மதி. விலை குறைந்த வண்டிகளில் வருவது பெரும்பாலும் ஏ.எம்.டி., அதாவது சாதாரண கியரையே தானாக மாற்றும் அமைப்பு; கியர் மாறும்போது சின்னதாக ஒரு இழுப்பு இருக்கும். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலோ, போடிமெட்டு வழியாக மூணாறோ அடிக்கடி போகிறவர்கள் அதை மேட்டில் நிறுத்தி எடுத்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். எனக்கு நான்குவழிச் சாலையே அதிகம் என்பதால் சாதாரண கியர் போதும் என்று விட்டுவிட்டேன்.

புதுசா, பழசா

5 லட்சத்துக்குப் புது வண்டியும் கிடைக்கும், அடிமட்ட மாடலில். அதே பணத்துக்கு நான்கு வருடம் ஓடிய, இரண்டு படி மேலான மாடல் கிடைக்கும். காரின் மதிப்பு முதல் சில வருடத்தில்தான் வேகமாக விழுகிறது. இன்சூரன்ஸ் கணக்கிலேயே இதைப் பார்க்கலாம்: ஒரு வருடம் முடிந்தால் 20 சதவீதம் கழிவு, இரண்டு முடிந்தால் 30, மூன்று முடிந்தால் 40, நான்கு முடிந்தால் 50. அந்த விழுதலை முதல் ஓனர் தாங்கிவிட்ட பிறகு, வண்டி இன்னும் இளமையாக இருக்கும்போது வாங்குவது எங்களுக்குச் சரியாகப் பட்டது. ஆனால் வண்டி பார்க்கத் தெரிந்த ஒருவர் கூட இல்லாவிட்டால், அலைய நேரமும் இல்லாவிட்டால், புது வண்டியே எடுங்கள். அதன் வாரண்டி உங்கள் தூக்கத்தைக் காப்பாற்றும்.

விலை மலிவாக இருக்கிறது என்று, இந்தியாவில் விற்பனையை நிறுத்திய கம்பெனி வண்டிகளைக் காட்டுவார்கள். செவ்ரோலே 2017 இறுதியில் இங்கே விற்பனையை முடித்துக்கொண்டது; ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. நல்ல இன்ஜின் உள்ள வண்டிகள்தான். ஆனாலும், முதல் முறை பழைய வண்டி வாங்குகிறவர் ஒரு ஹெட்லைட்டுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கும் நிலையில் மாட்டிக்கொள்ள வேண்டாம். மதுரையில் உங்கள் மெக்கானிக் எந்த வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார் என்று கேளுங்கள். நான் கேட்டேன். “அக்கா, எந்தக் கடையில கேட்டாலும் சாமான் கிடைக்கிற வண்டியா எடுங்க, நடுரோட்டுல நின்னாலும் சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குப் போயிரலாம்” என்றார். அதையே நான் பிடித்துக்கொண்டேன்.

வண்டியைப் பார்க்கும் நாள்

இங்கே அவசரப்படாதீர்கள். முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க.” போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் ஒரே செல்ஃபில் எடுக்க வேண்டும். நீலமாகப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலண்ட் உள்ளே போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியின் உட்புறம் பால் காப்பி நிறத்தில் பசை படிந்திருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

அப்புறம் பாடி. நிழலில் அல்ல, வெயிலில் பாருங்கள். கதவுக்கும் கதவுக்கும் இடையே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மெல்லிய துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தத்தை ஓரங்களில் வைத்துப் பார்த்தால், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. பானட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் பெயிண்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கதவு ரப்பரை லேசாக இழுத்துப் பார்த்தால் கம்பெனி வெல்டிங் புள்ளி புள்ளியாகத் தெரிய வேண்டும். சின்னச் சின்ன டிங்கரிங் எல்லா வண்டியிலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். முன்பக்கச் சட்டம் வளைந்து நிமிர்த்திய வண்டிதான் ஆபத்து.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆம் வாரத்தில் செய்தது. 2021 வண்டி, 25,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார்கள், ஆனால் நான்கு டயரும் 2024-இல் செய்தவை என்றால் மீட்டரில் சொல்வது உண்மையா என்று கேட்க வேண்டும். சர்வீஸ் புத்தகத்தில் தேதியையும் கிலோமீட்டரையும் ஒப்பிடுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைச் சொன்னால் பழைய சர்வீஸ் விவரம் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஓனரையே கூட வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிப்பதை நான் அனுபவத்தில் கற்றேன். 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நம் செல்லூரிலேயே 2024 அக்டோபரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நான் பார்த்த மூன்றாவது வண்டி பளபளவென்று இருந்தது, விலையும் நாற்பதாயிரம் குறைவு. கிட்டத்தட்ட முன்பணம் கொடுத்துவிட்டேன். மெக்கானிக் வந்து பின்சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் காய்ந்த சேற்றுக் கோடு. ஸ்டெப்னி குழியில் மண் படிவு, சீட்டுக்கு அடியில் தண்டவாளம் துருப்பிடித்திருந்தது. மேலே எவ்வளவு கழுவினாலும் இந்த மூன்று இடமும் காட்டிக்கொடுத்துவிடும். அப்படி ஒரு வண்டி ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும்போது வயரிங் ஒவ்வொன்றாகப் போகும். ஏர்பேக் விரியுமா என்பதே சந்தேகம். எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.

ஏ.சி.யை மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் சோதியுங்கள். காலை ஏழு மணிக்கு எல்லா ஏ.சி.யும் நன்றாகத்தான் இருக்கும். ஓட்டிப் பார்க்கும்போது ஒரு மேம்பாலம், ஒரு மோசமான தெரு, ஒரு வேகமான சாலை மூன்றும் இருக்கட்டும். நத்தம் பறக்கும் பாலத்தில் ஏறினால் இன்ஜின் இழுவையும் சீரான வேகத்தில் வரும் சத்தமும் தெரிந்துவிடும். கீழே இறங்கி ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக ஏற்றி இறக்கினால் சஸ்பென்ஷன் பேசும். காலி இடத்தில் ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பிரேக் அடித்தால் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. ரேடியோவை அணைத்து வையுங்கள்.

மெக்கானிக்குக்கு அவர் நேரத்துக்கான கூலியைக் கொடுத்துவிடுங்கள். பேரம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் கொடுக்க வேண்டும். நான் ஒவ்வொரு வண்டிக்கும் 500 ரூபாய் கொடுத்தேன். அந்த மூன்றாவது வண்டிக்குக் கொடுத்த 500 ரூபாய் எனக்கு லட்சங்களை மிச்சம் பிடித்தது.

காகிதங்கள்

வண்டி பிடித்துவிட்டது என்றால் அரசின் எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போடுங்கள். எந்த வருட மாடல், எத்தனாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். செலுத்தாத அபராதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் (அடிச்சட்ட) எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு நேரில் ஒப்பிடுங்கள். இதை மட்டும் யாரையும் நம்பி விடாதீர்கள்.

கடன் முடிந்திருந்தும் ஆர்.சி.யில் எச்.பி. (கடன் குறிப்பு) நீக்காமல் இருக்கும். அதற்குப் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். அதை விற்கிறவரே முடித்துக் கொடுக்கட்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-ம் 30-ம். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மதுரையில் தெற்கு, வடக்கு, மத்தி என்று மூன்று ஆர்.டி.ஓ. எல்லைகள் இருக்கின்றன, 58, 59, 64 என்று வண்டி எண்ணில் வருவது அவைதான். உங்கள் முகவரி எதில் வருகிறது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

புதுச்சேரிப் பதிவு, கேரளப் பதிவு வண்டிகள் மலிவாகக் கிடைக்கும், தேனிப் பக்கம் கேரள வண்டிகள் நிறையவே வரும். அந்த மாநிலத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, புது எண் வாங்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்து ஓட்டினால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். வரியையும் கூட்டிப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். விற்றவருக்கு இருந்த நோ கிளைம் போனஸ் (கிளைம் எடுக்காததற்கான தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது ஆளைச் சேர்ந்தது. அதேபோல உங்கள் பழைய காரில் நீங்கள் சேர்த்தது உங்களுடையது. ஐந்து வருடம் கிளைம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை கிடைக்கும். பழைய காரை விற்றதும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான சான்றிதழ் வாங்கிவிட்டால் மூன்று வருடம் வரை செல்லும். அதை அடுத்த காரின் பாலிசியில் கழித்துக்கொள்ளலாம். இதைக் கேட்காமல் விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் இழக்கிறவர்கள் நிறைய.

பழையதைக் கொடுக்கும்போது

ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் கொடுத்தால் அலைச்சல் இல்லை, விலை குறையும். எங்கள் ஆல்டோவுக்கு எக்ஸ்சேஞ்சில் 55,000 சொன்னார்கள். நேரடியாக ஒருவருக்குக் கொடுத்ததில் 80,000 கிடைத்தது. ஆர்.சி. முடிவதற்கு முன்பே விற்க ஆரம்பித்தது இதில் பெரிய உதவி.

எப்படி விற்றாலும், பெயர் மாறும் வரை வண்டி உங்களுடையதுதான். விபத்து நடந்தால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வராதீர்கள். எங்கள் உறவினர் ஒருவர் புரோக்கரிடம் அப்படிக் கொடுத்த வண்டி மூன்று கை மாறி, இரண்டு வருடம் கழித்து அவருக்குக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. வண்டியை ஒப்படைக்கும் நாளில் தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட், வாங்குகிறவரின் அடையாள அட்டை நகல், சாவியோடு நிற்கும் ஒரு போட்டோ, மூன்றும் உங்களிடம் இருக்கட்டும். ஃபாஸ்டேக் கணக்கை மூடி, ஸ்டிக்கரைக் கிழித்துவிடுங்கள். இல்லையென்றால் யாரோ கப்பலூர் டோல்கேட்டைத் தாண்ட உங்கள் பணம் போகும்.

கடைசி ரூபாய்

நாங்கள் எடுத்தது 2021 மாடல் பெட்ரோல் வேகன்ஆர், ஒரே ஓனர், 4 லட்சத்து 20 ஆயிரம். 5 லட்சத்தில் மீதி எண்பதாயிரத்தை நான் மிச்சம் என்று கணக்கிடவில்லை. பழைய வண்டிக்கு முதல் மாதச் செலவு கட்டாயம் இருக்கும். இரண்டு டயர், பேட்டரி, ஆயில், கூலண்ட், பிரேக் பேட், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் என்று அதில் அறுபதாயிரம் போனது. வாங்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது இதற்கென்று ஒதுக்கி வையுங்கள். ரெண்டு சாவியும் கேட்டு வாங்குங்கள்; ஜாக்கியும் ஸ்டெப்னியும் இருக்கிறதா என்று அங்கேயே திறந்து பாருங்கள்.

பணம் முழுவதையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். வங்கி வழியாகவே கொடுங்கள், பெயர் மாறும் வரை ஒரு தொகையை நிறுத்தி வைக்கிறோம் என்று பேரத்தின்போதே சொல்லிவிடுங்கள். நல்ல ஆட்கள் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்கள். 2024 பிப்ரவரிக் கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் ஆர்.சி. கையில் தருவதில்லை, விரைவு அஞ்சலில்தான் வீட்டுக்கு வரும். அதனால் விண்ணப்பத்தில் கதவு எண், பின்கோடு, செல்பேசி எண் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபாருங்கள். வீடு பூட்டியிருந்தால் கவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே திரும்பிவிடும். எங்களுக்கு மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை தபால்காரர் வந்தார். கவரைப் பிரித்து, பெயரில் எழுத்துப் பிழை இல்லை என்று பார்த்தபின், நிறுத்தி வைத்திருந்த பத்தாயிரத்தை அன்று மதியமே விற்றவர் கணக்கில் போட்டுவிட்டேன்.